முதற்படியின் உயரம்

நோயுற்றவர் மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் நோயை அறிந்து மருந்து தருகிறார். மருத்துவம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி இதுவே. இக்காட்சியில் 'செல்கிறார்' என்னும் சொல்லை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நடக்கவும் காணவும் கேட்கவும் பேசவும் இயன்றவருக்கு அது மிக எளிய வினைச்சொல். அவற்றுள் ஒன்று இயலாதவருக்கோ, அச்சொல்லுக்குள் ஒரு முழு நாளின் உழைப்பும் உடன்வருபவரின் ஒருநாள் கூலியும் வழிநெடுகப் பிறர் வீசும் இரக்கப் பார்வையும் அடங்கியுள்ளன.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவர் என்பன அவை. அவ்வரிசையில் நோயுற்றவரே முதலில் நிற்கிறார். பிறர் தரும் சிகிச்சையைப் பெற்றுக்கொள்பவர் என்ற நிலையிலிருந்து உயர்த்தி, நோயாளியை மருத்துவத்தின் ஒரு கூறாகவே கொண்ட சிந்தனை இது. அம்முதற்கூறு மருத்துவமனையின் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுமானால், எஞ்சிய மூன்றும் உள்ளே நிறைவாக இருந்தும் பயன் இல்லை. மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை இன்று நிகழ்வது பெரும்பாலும் இதுவே.

ஒரு பெண்ணின் பயணம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூர் ஒரு பேரூர், வட்டத்தின் தலைமையிடம். சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்வோர் கடைத்தெருவுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் அரசு மருத்துவமனைக்கும் இங்குதான் வருகின்றனர். உயர் சிகிச்சை தேவைப்படின் அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்கோ, விராலிமலை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கோ செல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கப்பட்டது. முன்பு திருச்சியையோ தஞ்சையையோ நாடிச் சென்றவர்களுக்கு அது பெரும் பேறு.

இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணை நாம் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. குழந்தைப் பருவத்தில் தாக்கிய இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் வலுவிழந்தவர். வீட்டிலிருந்தபடியே தைத்துப் பிழைப்பவர். ஒருநாள் அவர் தம் மார்பில் சிறு கட்டி ஒன்றை உணர்கிறார். வலி ஏதும் இல்லை. ஆயினும், காட்டிவிடுவது நல்லது என்று அவருக்குத் தெரியும்.

பேருந்து நிறுத்தம் வீட்டிலிருந்து ஒரு கல் தொலைவு. அதுவரை அவரைக் கொண்டுசேர்க்கத் தம்பி தம் நாட்கூலியை விட வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வரும் துணையாளரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். உயர்ந்த திட்டம் அது. ஆனால், பயணச்சீட்டுக்குப் பணம் வேண்டாத அப்பேருந்தின் முதற்படி, தரையில் அமர்ந்து நகரும் ஒருவரின் தோளுக்கு நிகரான உயரத்தில் இருக்கிறது. தம்பி அவரைத் தூக்கி ஏற்ற வேண்டும். கூட்டம் வேடிக்கை பார்க்கும். அதனைத் தவிர்க்க நினைத்தால் ஆட்டோவுக்குச் செலவிட வேண்டும். தையலில் ஒரு வாரம் சேர்த்த பணம் அதற்கே சரியாகப் போகும்.

மருத்துவமனையை அடைந்தபின் சீட்டுப் பெறும் இடத்தில் வரிசை. நிற்க இயலாதவர் தரையில் அமர்ந்து காத்திருக்கிறார். முறை வந்ததும், பரிசோதனைக் கட்டில் இடுப்பளவு உயரத்தில் இருப்பதைக் காண்கிறார். ஏறுவதற்கு ஆண் உதவியாளர் ஒருவரே அருகில் இருக்கிறார். சொல்ல வந்ததோ மார்பில் உள்ள கட்டியைப் பற்றி. மருத்துவர் தம்பியைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்கிறார். தம்பிக்கு விடை தெரியாது. அக்காவுக்குச் சொல்ல நாணம். கால்வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு இருவரும் திரும்புகின்றனர். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்.

அந்த அடுத்த மாதம் ஓராண்டாக நீளக்கூடும். அதற்குள் சிறு கட்டி பெரு நோயாகிவிடலாம். பின்னாளில் அவருடைய நோய்க்குறிப்பேட்டில் 'காலந்தாழ்ந்து வந்தவர்' என்று எழுதப்படும். அவர் முதலிலேயே வந்தார் என்பதும், வந்தும் சிகிச்சைவரை சென்றடைய முடியவில்லை என்பதும் எங்கும் எழுதப்படா.

இப்பெண் கற்பனை, அவர் சந்தித்த தடைகள் கற்பனையல்ல. உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கணக்கிடுகிறது. அவர்களுள் சிலர் பிறரைவிட 20 ஆண்டுகள்வரை முன்னதாகவே இறந்துவிடுகின்றனர் என்றும் அது கூறுகிறது. நீரிழிவு, பக்கவாதம், மனச்சோர்வு போன்றவை ஏற்படும் வாய்ப்பும் அவர்களுக்கு இருமடங்கு. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி அவர்களுடைய குறைபாட்டால் விளைவதன்று. தவிர்க்கக்கூடிய, நியாயமற்ற சூழல்களால் விளைவது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

தடை எங்கே இருக்கிறது?

'அவரால் படியேற முடியவில்லை' என்று ஒரே நிகழ்வைச் சொல்லலாம். 'அங்கே சாய்தளம் இல்லை' என்றும் சொல்லலாம். முதல் தொடர் குறையை மனிதரிடம் வைக்கிறது. இரண்டாவது கட்டடத்திடம் வைக்கிறது. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை இவ்விரண்டாம் நோக்கையே தன் அடித்தளமாகக் கொண்டது. ஒருவரின் உடற்குறைபாடு, சூழலில் உள்ள தடைகளோடு மோதும்போதுதான் இயலாமை உண்டாகிறது என்று அது விளக்கியது. இந்தியா 2007ஆம் ஆண்டிலேயே அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது.

இக்கருத்தை விளக்க நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. அது ஆண்கள் பயிலும் கல்லூரி. ஒரு பெண் அங்கே எவ்வாறு பயில்வார் என்றனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தபின் கதவு திறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டு அவர் மருத்துவரானார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாது, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய பிறந்தநாளாகிய ஜூலை 30 இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கல்லூரி வாயிலில் நின்ற அந்த இளம்பெண்ணிடம் எக்குறையும் இல்லை. குறை அக்கல்லூரியின் விதியில் இருந்தது. விதி தளர்ந்ததும் ஒரு மாபெரும் மருத்துவர் நாட்டுக்குக் கிடைத்தார். நாம் கற்பனை செய்த பெண் அவர் பிறந்த மண்ணைச் சேர்ந்தவர். அவர் ஒழிக்க முயன்ற நோயின் தொடக்க அறிகுறியுடன் வந்தவர். அவரைத் திருப்பி அனுப்பியதும் அத்தகைய ஒரு வாயிலே.

கண்ணுக்குத் தெரியும் தடைகள்

தடைகளுள் சில அளவுகோலால் அளந்துவிடக் கூடியவை. கட்டடங்களுக்கான தேசிய வழிகாட்டு நெறிகள், சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தை விஞ்சக் கூடாது என்கின்றன. அதாவது, ஓர் அடி உயரத்தை ஏறப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும். வாயிலில் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் உள்ளன எனக் கொள்வோம். மொத்த உயரம் 45 செ.மீ. அதற்குரிய சாய்தளத்தின் நீளம் 540 செ.மீ. ஆனால், பல பொதுக் கட்டடங்களில் இரண்டு மூன்று அடி நீளத்திற்குச் செங்குத்தாகச் சிமெண்டைப் பூசி, அதனைச் சாய்தளம் என்று அழைத்துவிடுகிறோம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் அதில் தாமாக ஏற இயலாது. இறங்க முயன்றால் கவிழ்ந்துவிடுவார். பெயரளவில் தடை நீங்கியது; உண்மையில் அது வேறு வடிவம் பெற்றது.

கதவின் அகலம், கழிவறையில் சக்கர நாற்காலி திரும்புவதற்கான இடம், கைப்பிடிக் கம்பி, பரிசோதனைக் கட்டிலின் உயரம் ஆகிய அனைத்தும் இவ்வாறு அளக்கத்தக்கனவே. எடைபார்க்கும் கருவியில் நிற்க இயலாதவரின் எடையை மருத்துவர் கண்ணால் மதிப்பிடுகிறார். எடைக்கேற்பத் தர வேண்டிய மருந்தின் அளவு அம்மதிப்பீட்டைச் சார்ந்ததாகிவிடுகிறது. மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் கருவி நிற்பவரை எண்ணியே பெரிதும் வடிவமைக்கப்படுகிறது. உட்கார்ந்த நிலையிலுள்ளவருக்கேற்பத் தாழாத கருவி, அவரைப் பொறுத்தவரை இல்லாத கருவியே.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மேற்சொன்ன அறிக்கை, மருத்துவமனைக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரைவிட ஆறு மடங்குவரை தடையாக இருப்பதாகக் கூறுகிறது. போக்குவரத்தோ பதினைந்து மடங்குவரை கடினமாக இருக்கிறது. மருத்துவமனைக்குள் இருக்கும் தடையைவிட மருத்துவமனைக்குச் செல்லும் வழியே பெருந்தடை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. நகரத்தைவிடச் சிற்றூர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வழியின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டம் நன்கறியும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவைப் பரப்பியபோது, பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கணவரையோ மகனையோ எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் தாமே சென்றனர். எழுத்தறிவுத் திட்டத்தில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பர். இயங்கும் உரிமை கிடைத்தால்தான் பிற உரிமைகள் கைக்கெட்டும் என்பதை அம்மிதிவண்டிகள் மெய்ப்பித்தன. மாற்றுத்திறனாளிகளின் மருத்துவ உரிமைக்கும் இவ்விதி பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத தடைகள்

அளவுகோலுக்கு அகப்படாத தடைகளும் உண்டு. செவித்திறன் குறைந்தவர் மருத்துவரிடம் தம் வலியைச் சைகையில் சொல்கிறார். சைகைமொழி அறிந்தவர் அங்கே இல்லை. உடன்வந்த உறவினர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் சொல்கிறார். நோயாளியின் அந்தரங்கம் இடையில் அழிகிறது. பொருளும் பாதி மாறுகிறது. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் அவர் கையொப்பமிடுகிறார். எதற்கு ஒப்புதல் அளித்தோம் என்பது அவருக்கே தெளிவில்லை. பார்வையற்றவரிடம் தரப்படும் ஒரே வடிவிலான மூன்று மாத்திரைப் பட்டைகளும் இத்தகையனவே. காலையில் உண்பது எது, இரவில் உண்பது எது என அவர் பிறரைக் கேட்டே வாழ வேண்டியிருக்கிறது. பட்டை ஒன்றின் ஓரத்தில் ஒரு வெட்டு, மற்றொன்றில் இரண்டு வெட்டு என மருந்து வழங்குபவர் ஒரு நொடியில் அடையாளம் இட்டுவிடலாம். அந்த ஒரு நொடி நினைப்புத்தான் அரிதாக இருக்கிறது.

இன்னொரு தடை மிக நுட்பமானது. மாற்றுத்திறனாளி எந்த நோயுடன் வந்தாலும் அவருடைய குறைபாட்டையே காரணமாகக் காண்பது அது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய சிறுவன் உண்ண மறுத்துத் தலையை மோதிக்கொள்கிறான். 'இத்தகைய பிள்ளைகள் இப்படித்தான்' என்று சொல்லி அமைதிப்படுத்தும் மருந்து தரப்படுகிறது. அவனுடைய கடைவாய்ப்பல் சீழ்கட்டியிருப்பதை எவரும் வாய் திறந்து பார்க்கவில்லை. வலியைச் சொல்லத் தெரியாதவனுக்கு வலியே இல்லை என்று நாம் முடிவுசெய்துவிடுகிறோம்.

மனநோயுற்றோரின் நிலை இதனினும் கொடிது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் ஓட முடியாதவர்களல்லர், ஓடவிடாமல் கட்டப்பட்டிருந்தவர்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த குடும்பங்களைக் குறைசொல்வது எளிது. தம் ஊருக்கு அருகில் மனநல மருத்துவர் இருந்திருந்தால், மாதந்தோறும் மருந்து கிடைத்திருந்தால், அண்டை அயலாரின் ஏளனம் இல்லாதிருந்தால், அவர்களுள் எத்தனை பேர் அவ்வளவு தொலைவு சென்றிருப்பர் என்று கேட்பதே நேர்மை. மருத்துவம் எட்டாத இடத்தில் சங்கிலி வந்துசேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளை ஏற்றது. இச்சட்டத்தின் 25ஆம் பிரிவு நலவாழ்வைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் வாழும் இடத்திற்கு அருகிலேயே, சிறப்பாகக் கிராமப்புறங்களில், குடும்ப வருமானத்திற்கு உட்பட்டு இலவச மருத்துவம் வழங்க வேண்டும். அரசு, தனியார் மருத்துவமனைகளின் அனைத்துப் பகுதிகளும் தடையற்றனவாக இருக்க வேண்டும். பார்ப்பதிலும் சிகிச்சை அளிப்பதிலும் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பன அப்பிரிவு கூறுவன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவத்தை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. நோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்தது.

சட்டம் இருந்தும் நடைமுறை ஏன் பின்தங்குகிறது? இராஜீவ் ரத்தூரி என்னும் பார்வைத்திறன் குறைந்தவர் தொடுத்த வழக்கில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வினாவுக்கு விடை தருகிறது. தடையற்ற அணுகலுக்கான அளவுகளை வெறும் பரிந்துரைகளாகவே விட்டிருந்த விதியைச் சட்டத்திற்கு முரணானது என்று அத்தீர்ப்பு கூறியது. கட்டாயம் பின்பற்ற வேண்டிய அளவுகளை வகுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. பின்பற்றினாலும் சரி, பின்பற்றாவிட்டாலும் சரி என்று விடப்பட்ட உரிமை, கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்த சலுகையாகவே நின்றுவிடும் என்பதை நாம் இதிலிருந்து அறியலாம்.

வழி காட்டியவர்கள்

இத்தடைகளை நீக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையைக் கற்றுச் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அத்துறைக்குத் தலைமையேற்றார். அவர் முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. அவருடைய உழைப்பால் எண்ணற்றோர் மீண்டும் தம் கைகளால் உண்ணவும் உழைக்கவும் இயன்றது.

மதுரையில் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, இளமையில் முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர். அவ்விரல்களைப் பழக்கியே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அவருடைய மருத்துவமனை கற்ற பாடம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அறுவை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் சிற்றூர் மக்கள் வந்துவிடுவதில்லை. வழிச்செலவு, உணவு, துணைக்கு வருபவரின் கூலியிழப்பு ஆகியவை அவர்களைத் தடுக்கின்றன. எனவே, ஊர்களுக்கே சென்று முகாம் நடத்தி, நோயாளிகளை வண்டியில் அழைத்துவந்து, உணவளித்து, மீண்டும் ஊரில் கொண்டுசேர்க்கும் முறையை அது வகுத்தது.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981ஆம் ஆண்டு தொடங்கிய அமர் சேவா சங்கம் மற்றுமொரு சான்று. 1975ஆம் ஆண்டு கடற்படை அலுவலர் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்தவர் அவர். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை இளமையிலேயே கண்டறிந்து, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வழியே வீட்டுக்கே சென்று பயிற்சியளிக்கும் பணியை அச்சங்கம் வளர்த்தெடுத்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இவ்வழியினதே. நீரிழிவு, இரத்தக் கொதிப்புக்கான மருந்துகளுடன், படுத்த படுக்கையாக உள்ளோருக்கான இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அதன்வழி வீட்டுக்கே வருகின்றன.

இச்சான்றுகளிடையே ஓர் ஒற்றுமை உண்டு. நோயாளி மருத்துவத்தை நோக்கி வரும் வழியில் பாதியை மருத்துவம் தானே கடந்து வந்திருக்கிறது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"மாற்றுத்திறனாளிகள் சிலரே வருகின்றனர், அவர்களுக்காக இவ்வளவு செலவிட வேண்டுமா? ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் மருத்துவருக்குத் தனியே ஒருவரிடம் நேரம் செலவிட இயலுமா?" என்று கேட்போர் உண்டு. இவ்வினாவில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் கூட்டம் மிகுதி; பணியாளர் குறைவு. அங்கே உழைப்போரைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும், சிலரே வருகின்றனர் என்பது தேவை குறைவு என்பதற்குச் சான்றாகாது. பாலம் இல்லாத ஆற்றை நீந்திக் கடப்போரை எண்ணிவிட்டு, பாலம் தேவையில்லை என்று முடிவுசெய்வதைப் போன்றது அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். சட்டம் ஏற்கும் வகைகள் அதன்பின் பெருகியுள்ளமையால் உண்மைத் தொகை இதனினும் மிகுதியாகவே இருக்கும். மேலும், சாய்தளத்தில் சக்கர நாற்காலி மட்டும் ஏறுவதில்லை. நிறைமாதக் கருவுற்றவரும், மூட்டுவலியால் வருந்தும் முதியவரும், காலொடிந்து கட்டுப்போட்ட இளைஞரும் அதில் ஏறுகின்றனர். நெடுநாள் வாழக் கிடைக்கும் எவரும் ஒருநாள் அச்சாய்தளத்தைத் தேடுவர்.

எல்லாவற்றுக்கும் பணம் தேவையுமில்லை. நோயாளியின் முகத்தை நோக்கிப் பேசுவதற்குச் செலவு ஏதும் இல்லை. வரிசையில் முன்னுரிமை தருவதற்கும், தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்குவதற்கும், உயரம் குறைந்த ஒரு கட்டிலை இடுவதற்கும் பெருநிதி வேண்டா. 2019ஆம் ஆண்டு முதல் மருத்துவ மாணவர்களின் தொடக்கப் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளை மதிப்புடன் அணுகும் திறன்கள் சேர்க்கப்பட்டன. மருத்துவருக்கு மட்டுமன்றி, சீட்டு எழுதுபவர் முதல் வாயிற்காவலர் வரை அனைவருக்கும் அப்பயிற்சி வேண்டும். நோயாளி முதலில் சந்திப்பது அவர்களைத்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அணுகல் என்பதை வீட்டுவாயிலிலிருந்து கணக்கிட வேண்டும். தாழ்தளப் பேருந்துகள் பெருநகரங்களோடு நின்றுவிடாமல் வட்டத் தலைநகரங்களுக்கும் வர வேண்டும். அதுவரை, வாரம் ஒருநாள் சிற்றூர்களிலிருந்து மருத்துவமனைக்கு ஏற்ற வண்டி ஒன்றை இயக்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு வட்ட மருத்துவமனையையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே ஆய்வு செய்விக்க வேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது அணிந்தவருக்கே தெரியும். மூன்றாவதாக, அடையாளச் சான்றுக்கும் சிகிச்சைக்கும் தனித்தனியே பலமுறை அலைய விடாமல், இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் முடித்துத் தர வேண்டும்.

2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிப்பதற்கான சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. பேரூராட்சி மன்றத்திலும் ஊராட்சியிலும் அவர்கள் அமர்ந்து பேசும்போது, நிறுத்தத்தின் மேடையும் மருத்துவமனைச் சாலையின் பள்ளமும் தீர்மானங்களில் இடம்பெறும். தமக்கான முடிவைத் தாமே எடுக்கும் இந்நிலையே உரிமையின் நிறைவு.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஓர் அளவுநாடாவுடன் நம் ஊர் மருத்துவமனைக்குச் சென்று, உரியவரிடம் இசைவு பெற்று, படியின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் அளக்கலாம். பன்னிரண்டால் பெருக்கிச் சரிபார்க்கலாம். கண்டதைக் கிராமசபையில் எழுதிக் கொடுக்கலாம். சைகைமொழியில் 'வலி', 'எங்கே', 'எப்போது' என்னும் மூன்று சொற்களையேனும் கற்கலாம். நாளை நம்முள் சிலர் மருத்துவராகவும் செவிலியராகவும் பொறியாளராகவும் பேருந்து ஓட்டுநராகவும் ஆவோம். கட்டிலின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் வண்டி நிற்கும் இடத்தையும் முடிவுசெய்யப் போகிறவர்கள் நாமே.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட பெண் மீண்டும் ஒருநாள் புறப்படுகிறார் எனக் கொள்வோம். அவருக்கேற்ற வண்டி வாயிலில் வந்து நிற்கிறது. தம்பி வழக்கம்போல் வேலைக்குச் சென்றிருக்கிறார். சாய்தளத்தில் தம் நாற்காலியைத் தாமே தள்ளிச் செல்கிறார். பெண் செவிலியர் ஒருவர் தாழ்ந்த கட்டிலை அணைத்து இடுகிறார். மருத்துவர் அவர் முகத்தை நோக்கி, "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்கிறார். அவர் கட்டியைப் பற்றிச் சொல்கிறார். அது இன்னும் சிறியதாகவே இருக்கிறது.